ஐயா வைத்த முதல் காய்

சதுரங்க நடுவர் தேர்வில் தேறி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு இந்த ஆண்டு முதல் முறையாகப் போட்டி மண்டபத்துக்குள் நுழையப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிப் புத்தகம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக இருந்தேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், எந்த ஊரில் போட்டி என்று கேள்விப்பட்டாலும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அங்கே போய் ஆடினேன். தோற்றால் பேருந்து நிலையத்தில் படுப்பேன். ஜெயித்தாலும் பெரும்பாலும் அங்கேதான். ஆட்டக்காரனாகத் தேற மாட்டேன் என்று தெரிந்த பிறகு நடுவர் தேர்வு எழுதினேன். முதல் முறை தவறி, அடுத்த முறை தேறினேன். இப்போது முழங்கால் நிற்க விடவில்லை என்பதால் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். பலகைக்கு இருபுறமும் உட்கார்ந்திருக்கும் இருவரால் எனக்கு வந்த தொல்லை குறைவு. ஒருவர் இருமினால் மற்றவர் முறைப்பார், அவ்வளவுதான். மண்டபத்தில் நான் பட்ட அவமானம் எல்லாம் ஆடாதவர்களால் வந்தது. சோபாவில் உட்கார்ந்திருப்பவர்கள், சோபாவுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பவர்கள். இரண்டாவது ரகம்தான் மோசம்.

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்வதேசப் போட்டி நடந்தது. கிராண்ட்மாஸ்டர்களைக் கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டில் தங்கவைத்து வேனில் கூட்டிவந்தார்கள். நடுவர்களுக்கு மண்டபத்திலேயே மணமகன் அறை, தரையில் ஜமக்காளம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றியது. காலையில் இட்லி வந்தது. அதைவிட மோசமான இடங்களில் நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

கடைசிச் சுற்றில் முதல் பலகையில் முத்துமாரி என்ற பெண் ஆட வேண்டியிருந்தது. காளையார்கோவில் பக்கத்துப் பெண், கல்லூரி முடித்தவள். தினமும் பேருந்தில் வந்து ஆடிவிட்டுப் பேருந்திலேயே திரும்புகிறவள். பெண்கள் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வேண்டுமானால் மூன்று போட்டிகளில் ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு ஆடிக் காட்ட வேண்டும். அதை நார்ம் என்போம். அவளிடம் இரண்டு இருந்தன. இந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மூன்றாவது கிடைக்கும், பட்டமும் கிடைக்கும். சமன் செய்தால் ஒன்றும் இல்லை. எதிரே உட்கார்ந்தவர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கிராண்ட்மாஸ்டர். அறுபதை நெருங்கியவர், அந்தப் போட்டியில் அதுவரை யாரிடமும் தோற்காதவர். அவளுக்கு வெள்ளைக் காய்கள். முதல் நகர்த்தல் அவளுடையது. அந்த ஒரு சாதகம்தான் அவளுக்கு இருந்தது.

இனி அந்தச் சடங்கு. எல்லாப் போட்டியிலும் சிறப்பு விருந்தினர் வந்து முதல் பலகையில் ஒரு காயை நகர்த்துவார். படம் எடுப்பார்கள். கை தட்டுவார்கள். அவர் நகர்ந்ததும் ஆட்டக்காரர் காயைத் திருப்பி வைத்துவிட்டுத் தன் விருப்பப்படி ஆடுவார். உலகம் முழுக்க இதுதான் பழக்கம், யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இங்கே சிறப்பு விருந்தினர் தொடக்க நாளில் வரவில்லை. வட்டாரத்தில் நிலமும் வியாபாரமும் உள்ள பெரிய மனிதர். எல்லோருக்கும் அவர் ஐயா. அன்றைக்கு அவருக்கு எங்கோ மஞ்சுவிரட்டில் முதல் மரியாதை இருந்ததாம். ஆகவே தொடக்க விழாவைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிட்டார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். போட்டி முடிகிற அன்று குத்துவிளக்கு ஏற்றிப் போட்டியைத் தொடங்கிவைத்தார்கள்.

ஐயா முதல் பலகைக்கு வந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, மணக்கும் சந்தனம். முத்துமாரி எழுந்து கும்பிட்டாள். அவர் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்.

ஆடத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளைக்கு இருக்கிற முதல் நகர்த்தல்களிலேயே மட்டமானவற்றில் அது ஒன்று. குடிபுகும் அன்றைக்கே வாசல் கதவைக் கழற்றி வைப்பது மாதிரி.

“ஐயா, அப்படியே கடிகாரத்தையும் அமுக்குங்க, படம் நல்லா வரும்,” என்றார் புகைப்படக்காரர். ஐயா அமுக்கினார். எதிராளியின் நேரம் ஓட ஆரம்பித்தது. கைதட்டல் எழுந்தது. ஐயா போய் முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்தார்.

முத்துமாரி சிப்பாயைத் திருப்பி வைக்கக் கையை நீட்டினாள். போட்டியின் செயலாளர் ஓடிவந்து அவள் மணிக்கட்டுக்குக் குறுக்கே தன் கையை வைத்தார்.

“பாப்பா, எடுக்காத, எடுக்காத. ஐயா வச்சது வச்சபடி இருக்கட்டும்.”

“அண்ணே, இது படத்துக்குத்தானே? நான் என் காயை ஆடணும்ல?”

“படமா? அவுக கைராசி தெரியுமா உனக்கு? அவுக தொறந்து வச்ச கடை ஒண்ணுகூட நொடிச்சதில்ல. போட்ட மாலைய அவுக கண்ணு முன்னாடியே கழட்டி வீசுவியா நீ?”

“மாலை வேற, சிப்பாய் வேறண்ணே.”

சோபாவிலிருந்து ஐயா குரல் கொடுத்தார். “என்னய்யா அங்க? நான் வச்சது தப்பா?”

“அய்யய்யோ! உங்க கையில தப்பு வருமாங்கய்யா? புள்ள சந்தோசத்துல பேசுது.”

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதரிடம் நேராகப் போய், “ஐயா, இதைத் திருப்பி வைப்பதுதான் வழக்கம்,” என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சுற்றி நின்றவர்கள் அந்தப் பேச்சு அவர் காதுக்குப் போகவே விடவில்லை. பெரிய மனிதரின் கோபத்தை அவர் படுவதற்கு முன்பே அவருக்காகப் பட்டுவிடும் ஆட்கள் நம் ஊரில் ஏராளம். எனக்கு வயிறு எரிவது அவர்களை நினைத்துத்தான்.

துணை நடுவரான எனக்கு முதல் சில பலகைகள் பொறுப்பு. நான் போய்க் கடிகாரத்தை நிறுத்தினேன். எதிரே இருந்த கிராண்ட்மாஸ்டர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கே புரிந்தது: அந்தப் பெண் திருப்பி வைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆடுகிற இருவரும் ஒத்துப்போகிறார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

தலைமை நடுவர் வந்தார். வெளிநாடுகளில் எல்லாம் பணிபுரிந்தவர். விதியில் எனக்குச் சந்தேகம் வந்தபோதெல்லாம் நான் கேட்ட ஆள். அவரை நான் மதித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். அவர் முதலில் சோபாவைப் பார்த்தார். பிறகுதான் பலகையைப் பார்த்தார். அந்த வரிசையிலேயே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது.

“கடிகாரம் ஓடிருச்சு. நகர்த்தல் நகர்த்தல்தான்.”

“சார், நகர்த்தினது யாரு?”

“வெள்ளை.”

“வெள்ளை இன்னும் காயைத் தொடவே இல்லையே சார்.”

“நீ உன் இடத்துல போய் நில்லுய்யா.”

துணை நடுவரின் பேச்சு அதோடு முடிந்தது. போய் நின்றேன். கடிகாரத்தை அவரே ஓடவிட்டார். முத்துமாரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அந்தச் சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

கிராண்ட்மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அந்த நகர்த்தலைத் தண்டிக்க அவர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, சிறு பிள்ளைகளுக்கே பதில் தெரியும். கடைசியில் கையை நீட்டித் தன் பக்கத்தில் அதே குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை அதே மாதிரி இரண்டு கட்டம் தள்ளினார். அவள் வீட்டில் கதவு இல்லையென்றால் தன் வீட்டிலும் வேண்டாம் என்று கழற்றிவிட்டார். கருப்புக்கு அது நல்ல பதிலே இல்லை. அவருக்கும் அது தெரியும்.

முத்துமாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ‘இவர் எனக்குப் பிச்சை போடுகிறாரா?’ என்று அந்தப் பார்வை கேட்டது. ஆட்டம் நடக்கும்போது நடுவருக்கு வாய் கிடையாது. நான் சுவரைப் பார்த்தேன். அவள் தண்ணீர் குடித்தாள். ஓரத்துச் சிப்பாயைத் தள்ளி அவர் சிப்பாயை முட்டினாள். அவர் வெட்டினார். அவள் யானையால் திருப்பி வெட்டினாள். எல்லோரும் குதிரையையும் மந்திரியையும் வெளியே கொண்டுவரும் நேரத்தில் அவளுடைய யானை வீதிக்கு வந்து நின்றது.

நான் பார்த்த ஆட்டங்களிலேயே மறக்க முடியாதது அது. அந்த ஒரு நகர்த்தலோடு அவருடைய தயவு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு கட்டத்தைக்கூடச் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. அவளுடைய தாக்குதல் ஒவ்வொன்றையும் முறித்தார். ராணிகள் வெட்டுப்பட்டுப் போயின. ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சின. அவளிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் அந்த மாதிரி நிலைகளில் பாதிக்குமேல் சமனில்தான் முடியும். அவர் மரியாதையாகச் சமன் கேட்டார். அவள் தலையை அசைத்து மறுத்தாள். மற்ற பலகைகள் முடிந்து ஆட்டக்காரர்கள் பின்னால் வந்து கூடினார்கள்.

அவளுடைய ராஜா சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அங்கேயே இருந்தால் தோல்வி இல்லை. அவள் ராஜாவை வெளியே எடுத்தாள். எதிரியின் யானை மறுபடியும் மறுபடியும் ‘செக்’ கொடுக்க, மறைவு எதுவும் இல்லாமல் ராஜா ஒவ்வொரு கட்டமாக மேலே ஏறியது. இது தற்கொலை என்று எனக்குப் பின்னால் யாரோ முனகினார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு ‘செக்’ கொடுக்க அவருக்கு இடம் இல்லாமல் போனது. அவள் சிப்பாய் கடைசி வரிசையை எட்டப்போவதை அவர் பார்த்தார், தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவை மெல்லச் சாய்த்தார், எழுந்து நின்று கைகொடுத்தார்.

பிறகு தேநீர் குடிக்கும் இடத்தில் அவரிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில், ஏன் அப்படிப் பதில் ஆடினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது: “நான் இவ்வளவு தூரம் பறந்து வந்தது அந்தப் பெண்ணோடு ஆட. சோபாவில் இருந்த கனவானோடு ஆட அல்ல.”

இதோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை. முடியவில்லை.

அவள் ஜெயித்ததால் முதலிடம் கைநழுவிய ஓர் ஆட்டக்காரனின் பயிற்சியாளர் தலைமை நடுவரிடம் வந்தார். அவர் தாமதமாக வந்தவர், தொடக்கத்தில் நடந்ததைப் பார்க்கவில்லை. ஆட்டம் பதிவான திரையை மட்டும் பார்த்திருக்கிறார்.

“முதல் நகர்த்தலையும் பதிலையும் பாருங்க சார். தெருவுல ஆடுற புள்ளைககூட இப்படி ஆடாது. ரெண்டு பேரும் பேசிவச்சு ஆடியிருக்காக. இதுக்கா நார்ம்? நான் மேலிடம் வரைக்கும் போவேன்.”

பேசிவைத்த ஆட்டம் என்று ஒரு சந்தேகக் குறிப்பு விழுந்தால் போதும், நார்ம் விசாரணைக்குப் போய்விடும். எப்போது வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. பட்டம் ஒருவேளை கிடைக்கலாம், கறை போகாது.

நான் தலைமை நடுவரிடம், “சார், காயைத் திருப்பி வைக்க விடலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, முடிஞ்சுபோகும்,” என்றேன்.

செயலாளர் முந்திக்கொண்டார். “யாரு விடல? யாரும் வற்புறுத்தலையேண்ணே. அந்தப் புள்ளயா ஐயா மேல இருக்க மரியாதையில ஏத்துக்கிருச்சு.”

“அடப்பாவி! மணிக்கட்டுக்குக் குறுக்க கைய வச்சது நீதானய்யா?”

“நான் தட்டிக்குடுத்தேன்.”

தலைமை நடுவர் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். “ஐயா பேரை இதுல இழுக்க முடியாதுய்யா. அடுத்த வருசம் போட்டி நடக்கணும்ல? நான் குறிப்பு எழுதி அனுப்பிடுறேன், அங்க பாத்துக்கட்டும்.”

புகைப்படம் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். படத்தில் ஐயாவின் கை தெரியும், செயலாளரின் வாய் தெரியாது. கிராண்ட்மாஸ்டர் சொல்லலாமே என்றால், அவரும் குற்றம் சாட்டப்பட்டவர். நான் சொன்னால்? ஒரு துணை நடுவர், தலைமை நடுவருக்கு எதிராக, ஜமக்காளத்தில் படுத்து எழுந்து வந்தவன். அந்த நேரத்தில் செயலாளரின் சட்டையைப் பிடிக்கத்தான் எனக்குக் கை துறுதுறுத்தது. பிடித்திருந்தால் எனக்கு நிம்மதி கிடைத்திருக்கும். முத்துமாரிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

மாலையில் பரிசளிப்பு. ஐயா திரும்பி வந்து மேடையில் உட்கார்ந்தார். பெயர்களை வாசிக்கும் வேலை எனக்கு. முத்துமாரியின் பெயர் வந்தது. அவள் மேடைக்குக் கீழே நின்றாள். புகார் விஷயம் அதற்குள் அவள் காதுக்கு எட்டிவிட்டிருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை. முன்வரிசையில் அந்தப் பயிற்சியாளர் இருந்தார். தலைமை நடுவர் என் பக்கத்தில் இருந்தார்.

நான் என் வாழ்க்கையில் யாரையும் புகழ்ந்து பிழைத்ததில்லை. அதனால்தான் எங்கேயும் நிலைக்கவில்லை. அன்றைக்கு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் கசக்கக் கசக்கச் சொன்னேன்:

“ஐயா, ஊரே கேட்குது. இந்த வெற்றிக்கு முதல் காயை வச்சது உங்க கைதானாமே? அதை உங்க வாயால கேட்கணும்னு எல்லாருக்கும் ஆசை.”

ஒலிவாங்கியை நீட்டினேன். ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“நாந்தேன்! பொய் சொல்லுவேனா? நான் சிப்பாயத் தள்ளி வச்சேன். இந்தப் புள்ள அதை எடுத்துத் திருப்பி வைக்கக் கைய நீட்டுச்சு, நான் பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். அந்த வெள்ளக்காரரும் எடுத்துக்கட்டும்னுதேன் சொன்னாராம். நம்ம செயலாளரு விட்டாகளா? ஐயா கை வச்சது, எடுக்கவே கூடாதுன்னு புள்ள கையப் பிடிச்சு நிறுத்திட்டாக! அவுக மட்டும் நிறுத்தலைன்னா இந்தக் கோப்பை வந்திருக்குமா? சொல்லுங்க பாப்போம்!”

மண்டபம் கைதட்டியது. செயலாளரும் தட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். பயிற்சியாளர் எழுந்து மேடையோரம் வந்து, “இதை ஏன் சார் அப்பவே சொல்லல?” என்று தலைமை நடுவரைக் கேட்டார். அந்தப் பயிற்சியாளர் நல்ல மனிதர்தான், நடந்தது தெரியாமல் ஏமாந்தவர். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தலைமை நடுவர் நார்ம் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போதுகூட என்னை அவர் பார்க்கவில்லை.

முத்துமாரி மேடை ஏறினாள். ஐயா கோப்பையைக் கொடுத்து, “அடுத்த போட்டிக்கும் கூப்பிடு தாயி, வந்து வச்சு விடுறேன்,” என்றார்.

“கட்டாயம் வாங்கய்யா,” என்றாள் அவள். “ஆனா அடுத்த தடவை எனக்கு எதிரா ஆடுறவுகளுக்கு வச்சு விடுங்க.”

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஐயாதான்.

மறுநாள் வந்த செய்தியில் அவருடைய கைதான் இருந்தது. ராஜாவை வெட்டவெளியில் நடத்திக்கொண்டு போன அந்தப் பெண்ணின் தைரியத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கைராசி என்று தலைப்பு. அதைப் படித்த கடையிலேயே தாளைக் கசக்கிப் போட்டேன். கடைக்காரர் திட்டினார். பட்டம் அவளுக்கு வந்துசேர்ந்தது. அதை நினைத்தாலும் என் கோபம் தணியவில்லை. அவள் மூளையாலும் நெஞ்சுரத்தாலும் எடுத்ததை, ஒரு பெரிய மனிதரின் வாய்ச்சவடாலைக் கடன் வாங்கித்தானே நான் காப்பாற்ற வேண்டியிருந்தது? உண்மையைச் சொல்ல வேண்டிய இருவர் பக்கத்திலேயே நின்றார்களே!

தம்பிகளே, தங்கைகளே, என்னைப்போலச் சாமர்த்தியம் செய்யுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சாமர்த்தியம் எனக்கு வெட்கம். காய் நகர்ந்த பிறகு நடுவருக்கு வழி மிகக் குறைவு. கை நீளும்போதே நிறுத்த வேண்டும்.

அந்த ஊரில் அடுத்த ஆண்டு என்னைக் கூப்பிடவில்லை. சிங்கம்புணரியில் கூப்பிட்டார்கள். நான் போனதும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, பட்டுத்துணி விரித்து, அதன்மேல் தனியாக ஒரு பலகை வைத்தேன். எதிரே நாற்காலி கிடையாது, கடிகாரம் கிடையாது. சிறப்பு விருந்தினர் வந்தார். சுற்றிலும் குனிந்தபடி ஒரு கூட்டம் அவரை முதல் பலகைக்கு ஓட்டிக்கொண்டு வந்தது. அங்கே இரண்டு பேர் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு ஆட்டத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

“ஐயா, உங்க பலகை அங்குட்டு இருக்கு.”

கூட்டத்தில் ஒருவர் பல்லைக் கடித்தார். “யாருகிட்டப் பேசுறீகன்னு தெரியுதா?”

“தெரியுது. அதுனாலதான் உங்ககிட்டப் பேசாம அவுககிட்டயே பேசுறேன்.”

விருந்தினர் என்னைப் பார்த்தார், பட்டுத்துணி விரித்த மேசையைப் பார்த்தார். “அட, நமக்குத் தனியாவா!” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தார்.